லோலாவின் (பாட்டியின்) வாயிலும் நுழைய வேண்டும்: பிலிப்பினோ குடும்பத்துக்கும் ஆங்கிலச் சூழலுக்கும் பொருந்தும் குழந்தைப் பெயர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். என்னோடு பணிபுரிபவர்களில் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். பிள்ளை பெற வருகிறவர்களிலும் அவர்கள் நிறைய. குழந்தை பிறந்ததும் தொட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை வைப்போம். தாயின் பெயர், பிறந்த நேரம், எடை எல்லாம் உடனே எழுதியாகிவிடும். குழந்தையின் பெயருக்கான கோடு மட்டும் தாயும் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பும்வரை பல தொட்டில்களில் வெறுமையாகவே இருக்கும். தகப்பன் ஆங்கிலேயர், தாய் பிலிப்பைன்ஸின் இலோய்லோக்காரர் என்றால் அந்தக் கோடு நிரம்பத் தாமதமாகும். இருவருமே பிலிப்பினோ, ஆனால் பிள்ளை வளரப்போவது லீட்ஸிலோ டொராண்டோவிலோ என்றாலும் அப்படித்தான். அந்த நாட்களில் என்னோடு பேசியவர்கள் கேட்ட கேள்விகளையும், பிலிப்பினோ குடும்பத்தில் சம்பந்தம் செய்த தமிழ் நண்பர்கள் கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

‘பிலிப்பினோ பெயர்’ என்று தனியாக ஒன்று உண்டா? காதில் விழுவதெல்லாம் ஸ்பானியப் பெயராகவோ ஆங்கிலப் பெயராகவோ இருக்கிறதே?

உண்டு. அது பல ஊற்றுகளிலிருந்து வந்து ஒன்றாகக் கலந்தது. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அந்தத் தீவுகளை ஆண்டது. மரியா, ஹோசே, கோரசோன், மிலாக்ரோஸ் போன்ற ஞானஸ்நானப் பெயர்கள் அந்தக் காலத்தில் ஊன்றியவை. குடும்பப் பெயர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. ஊர் முழுக்க ‘தெ லா குரூஸ்’, ‘தெ லோஸ் சாந்தோஸ்’ என்றே பெயர்கள் இருந்ததாலும், ஒரே குடும்பத்துக்குள் வெவ்வேறு பெயர்கள் புழங்கியதாலும் வரிக் கணக்குகள் குழம்பின. 1849-இல் ஆளுநர் நர்சிசோ கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். ஆயிரக்கணக்கான குடும்பப் பெயர்களை அகரவரிசையில் அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். சில இடங்களில் அந்தப் பட்டியலின் ஏதோ சில பக்கங்கள் மட்டும் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் ஆல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் இன்றும் மலிந்து கிடக்கின்றன. பிறகு அமெரிக்க ஆட்சி 1946 வரை நீடித்தது. பள்ளிக்கூடமும் ஆங்கிலமும் வந்தன, கூடவே ஜான், மேரி, ஜாய், கிரேஸ் எல்லாம் வந்தன. இவற்றுக்கு அடியில் தகாலோக், செபுவானோ, இலோக்கானோ என்று 170-க்கும் மேற்பட்ட சொந்த மொழிகள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே ‘ஸ்பானியப் பெயர் வைத்தால் அது எங்கள் பெயர் ஆகுமா?’ என்று யாரும் கூச வேண்டியதில்லை. தூத்துக்குடியில் அந்தோணியும் சூசையும் மரியாளும் தமிழ்ப் பெயர்கள் ஆகிவிடவில்லையா? முன்னூறு நானூறு ஆண்டுகள் ஒரு மண்ணில் கூப்பிட்டுத் தேய்ந்த பெயர் அந்த மண்ணின் பெயர்தான்.

எந்தப் பெயராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

உரக்கக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கும் பெயர் வாயில் நுழையாமல் போகலாம்.

எங்கள் வார்டில் வேலை பார்க்கும் தோழி ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணவர் ஆங்கிலேயர். ‘விவியென்’ என்று கணவர் வீட்டார் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் காலை பத்தாங்காஸிலிருந்து அவளுடைய அம்மா வீடியோ அழைப்பில் வந்தார். அங்கே மாலை நேரம், பின்னால் சேவல் ஒன்று கூவிக்கொண்டிருந்தது. பேத்தியின் பெயரைக் கேட்டுவிட்டு ‘பிபியன்’ என்றார். தோழி திருத்தினாள். அவர் உதட்டைக் கடித்து முயன்று மீண்டும் ‘பிபியன்’ என்றார். மூன்றாம் முறை பெயரைத் தொடவே இல்லை. ‘ஆப்போ, ஆப்போ’ என்று கொஞ்சத் தொடங்கிவிட்டார். தகாலோக்கில் அதற்குப் ‘பேரப்பிள்ளை’ என்று பொருள். தோழி திரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

தகாலோக்கின் பழைய ஒலிக்கணக்கில் ‘ஃப’, ‘வி’ என்னும் உதட்டுப்பல் ஒலிகள் கிடையாது. ஆங்கில ‘இசட்’ ஒலியும் கிடையாது. ஸ்பானியர் வருவதற்கு முன்பு எழுதிய பாய்பாயின் எழுத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. உயிரெழுத்துகளும் மூன்றுதான். இகரமும் எகரமும் ஒரே எழுத்து, உகரமும் ஒகரமும் ஒரே எழுத்து. 1987-இல் வகுத்த 28 எழுத்து நெடுங்கணக்கில் அயல் ஒலிகளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்; படித்த இளைஞர்கள் எல்லா ஒலிகளையும் சரளமாகச் சொல்கிறார்கள். கிராமத்துப் பாட்டிமார்களுக்கு மட்டும் ‘ஃப’ பகரமாகவும், ‘வி’ பகரமாகவும், ‘இசட்’ சகரமாகவும் மாறிவிடும். இது தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே அல்ல. அந்த நாட்டையே நாம் ‘பிலிப்பைன்ஸ்’ என்றுதானே எழுதுகிறோம்! இலையை ‘எலை’ என்றும் உலகத்தை ‘ஒலகம்’ என்றும் நம் பேச்சு இழுப்பதைப் போலவே அவர்கள் பேச்சும் உயிரொலிகளை இழுக்கிறது.

விவியென், ஃபியோனா, ஈவி, ஹார்வி, ஃபீபி போன்ற பெயர்களை முடிவு செய்யும் முன் ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். மாயா, லியோ, எலேனா, டானியேல், மார்கோ, மிலா, லூகாஸ், ஆனா போன்றவை இரு பக்கமும் தடையின்றி ஓடும்.

ஆங்கிலேயர் வாய்க்கும் இதே சிக்கல் உண்டா?

உண்டு, வேறு வடிவத்தில். ‘ஹைமே’ என்ற ஸ்பானியப் பெயரை எழுத்தைப் பார்த்து ‘ஜேமி’ என்பார்கள். ‘ஆங்ஹெல்’ ஸ்பானிய வழக்கில் ஆண் பெயர். அதே எழுத்துகளை இங்கே ‘ஏஞ்சல்’ என்று படித்துப் பெண்பிள்ளை என்று எண்ணிக்கொள்வார்கள். ஒளி என்று பொருள்படும் ‘லூஸ்’ ஆங்கிலக் காதில் ‘தளர்ந்தது’ என்று விழும். அழுத்தம் இன்னொன்று. தகாலோக்கில் ஓர் அசையின் அழுத்தம் மாறினாலே பொருள் மாறும். ‘பாகா’ என்று முதல் அசையை அழுத்தினால் பசு. இரண்டாம் அசையை அழுத்தினால் ‘ஒருவேளை’. ஆகையால் அழுத்தம் தவறினாலும் அடையாளம் தவறாத பெயராகப் பாருங்கள்.

இரு பக்கமும் பொருந்தும் பெயர்களை எங்கே தேடுவது? இணையப் பட்டியல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவே?

பட்டியலை மூடிவிட்டுக் குடும்பத்துக் கல்லறைகளையும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ்களையும் பாருங்கள். நான் மனதார நம்புகிற யோசனை இதுதான். லோலா (பாட்டி), லோலோ (தாத்தா) தலைமுறையின் நீண்ட பெயர்களுக்குள், ஆங்கில நாடுகளில் இன்று பெற்றோர் விரும்பித் தேடும் குட்டிப் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன.

கோரசோன் என்றால் இதயம், அதிலிருந்து கோரா. மிலாக்ரோஸ் என்றால் அற்புதங்கள், அதிலிருந்து மிலா. தெயோதோரோவிலிருந்து தியோ, லியோனோராவிலிருந்து நோரா, ஹோசஃபினாவிலிருந்து ஜோசி, ரெமேதியோஸிலிருந்து ரெமி, மாக்ஸிமோவிலிருந்து மாக்ஸ், அகுஸ்தினிலிருந்து கஸ், லியோபோல்தோவிலிருந்து லியோ. எஸ்தெலா அப்படியே ஸ்டெல்லா ஆகும். அவுரோராவை வெட்டவே வேண்டாம். ஆங்கிலத்திலும் அது வைகறைதான். கிறிஸ்துமஸையொட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு இரு நாட்டிலும் நோயல் என்று வைக்கிறார்கள்.

1986 முதல் 1992 வரை பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த கோரசோன் அகினோவை மக்கள் ‘கோரி’ என்றுதான் அழைத்தார்கள். சுருக்கி அழைப்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல, நெருக்கத்தின் அடையாளம். அதனால் பிறப்புச் சான்றிதழில் முழுப் பெயரைப் பதிந்துவிட்டுப் பள்ளியில் சுருக்கத்தை வழங்கலாம். ‘மிலா’ என்று மட்டும் பதிந்தால் அது அழகான பெயர். ‘மிலாக்ரோஸ்’ என்று பதிந்து மிலா என்று கூப்பிட்டால் கொள்ளுப்பாட்டி அந்தப் பிள்ளையோடு கூடவே வருவாள்.

பொருளையும் கேட்டுக்கொள்ளுங்கள். சோலெதாத் தனிமை, தோலோரெஸ் துயரங்கள். இரண்டும் தேவமாதாவின் பக்திப் பெயர்கள். பக்தியுள்ள குடும்பத்துக்கு அது பெருமை. பொருள் தெரியாமல் ஒலிக்காக மட்டும் வைத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம்.

அசல் தகாலோக் சொல்லையே பெயராக வைக்க விரும்புகிறோம். ஆங்கிலேயர் முழிக்க மாட்டார்களா?

தாராளமாக வையுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் மட்டும் பிலிப்பினோ வம்சாவளியினர் 40 லட்சத்துக்கும் மேல்; கனடாவில் 2021-இல் ஒன்பதரை லட்சத்துக்கும் மேல். பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர்கள் பழகிவருகின்றன.

எனக்குப் பிடித்தவை சில. தாலா என்றால் பிரகாசமான விண்மீன். லிகாயா மகிழ்ச்சி. அமிஹான் வடகிழக்குப் பருவக்காற்று. அந்தக் காற்று தொடங்கினால் அங்கே குளிர்ந்த மாதங்கள் வந்துவிட்டன என்று பொருள். மயூமி மென்மையானவள், ஜப்பானிலும் இதே பெயர் இருப்பதால் சிலர் ஜப்பானியப் பிள்ளை என்று எண்ணலாம். ஆணுக்கு பயானி, அதாவது வீரன். இசகானி என்பது பிலிப்பைன்ஸின் தேசிய வீரரும் எழுத்தாளருமான ஹோசே ரிசாலின் இரண்டாம் நாவலில் வரும் கவிஞனின் பெயர். மலாயா என்றால் விடுதலை பெற்றவள். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் ரப்பர்த் தோட்டங்கள்தான் முதலில் தெரியும். ஆயினும் தகாலோக்கில் அதன் பொருள் அறிந்த நாள்முதல் எனக்கு அது வேறு ஒளியில் தெரிகிறது.

மாயா தனியாகச் சொல்ல வேண்டிய பெயர். ஆங்கிலத்தில் பழகியது, இந்தியர்க்கும் பழகியது. பிலிப்பைன்ஸில் மாயா என்பது நெல்வயல்களில் திரியும் ஒரு சின்னக் குருவி. 1995-இல் பிலிப்பைன்ஸ் கழுகு தேசியப் பறவையாக அறிவிக்கப்படும்வரை அந்த இடம் மாயாவுக்கே இருந்தது. இத்தனை எளிதாகக் கடல் தாண்டும் பெயர் வேறு கிடைப்பது அரிது.

தமிழர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் இன்னும் ஒரு சொத்து உண்டு. தகாலோக்கில் இந்தியச் சொற்கள் பல, பெரும்பாலும் மலாய் வழியாக, போய்ச் சேர்ந்திருக்கின்றன. ‘தீவாத்தா’ நம் தேவதை. ‘முத்யா’ முத்து, மணி. நம் முத்தோடு ஒட்டுறவு உள்ள சொல். 1985-இல் லண்டனில் பிறந்த பாடகி முத்யா புவெனாவின் முழுப் பெயர் ரோசா இசபெல் முத்யா புவெனா. ஸ்பானியமும் தகாலோக்கும் அந்த ஒரே பெயரில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

தயங்க வேண்டியவையும் உண்டு. தகிலா என்றால் மேன்மையானவன். ஆங்கிலப் பள்ளி மைதானத்தில் அது மெக்சிகோ மதுவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். லுனிங்னிங் (சுடரொளி), லிவாய்வாய் (விடியல்) இரண்டும் இசையான பெயர்கள். ஆனால் அவற்றை ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மனம் இருந்தால் வையுங்கள். நடுப்பெயராக வைப்பதும் ஒரு வழி.

ஒரு மொழியில் நல்ல பெயர், இன்னொன்றில் கெட்ட சொல்லாக இருந்தால்?

இதில்தான் நான் மிகக் கண்டிப்பு. ஆங்கிலத்தில் அழகான ‘லோலா’ தகாலோக்கில் பாட்டி. பெண்குழந்தையைப் பார்த்து எல்லோரும் ‘பாட்டி’ என்பார்கள். ‘மாலி’ என்றால் தவறு. ‘ஆசா’வுக்கு நம்பிக்கை என்ற பொருள் இருந்தாலும் பேச்சுவழக்கில் ‘வீணாக ஆசைப்படாதே’ என்று கேலி செய்யத்தான் அதிகம் பயன்படுகிறது. ‘போபோ’ முட்டாள். ‘கிகி’, ‘தித்தி’ இரண்டும் உடலுறுப்புகளைச் சுட்டும் சொற்கள். செல்லப் பெயராகக்கூட வேண்டாம்.

எதிர்த்திசையில், பிலிப்பைன்ஸில் மிகச் சாதாரணமான ‘ராண்டி’ இங்கிலாந்தில் காம இச்சையைக் குறிக்கும் சொல். ‘ஃபேனி’யும் இங்கே பெண்ணுறுப்புக்கான கொச்சை. ‘போங்’ என்ற செல்லப் பெயர் கஞ்சா புகைக்கும் குழாயின் பெயர். மணிலாவின் பேராயராக 1974 முதல் 2003 வரை இருந்தவர் ஹைமே சின். கர்தினால் என்ற பட்டத்தோடு சேர்ந்தபோது அவர் பெயர் ஆங்கிலத்தில் ‘கொடிய பாவம்’ என்று ஒலித்தது. அவர் அதைத் தானே சொல்லிச் சிரித்து, விருந்தினரைப் ‘பாவத்தின் வீட்டுக்கு’ வரவேற்பார். பேராயருக்கு அந்தத் தைரியம் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இருக்காது.

தகாலோக்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ‘லங்காம்’ தகாலோக்கில் எறும்பு, செபுவானோவில் பறவை. தாய்வழிப் பாட்டி எந்த மொழி பேசுகிறாரோ அந்த மொழியில் கேளுங்கள்.

நடுப்பெயர் விஷயத்தில் எல்லோரும் குழம்புகிறார்களே, ஏன்?

இரு நாட்டிலும் ஒரே சொல், ஆனால் பொருள் வேறு. பிலிப்பைன்ஸில் நடுப்பெயர் என்பது தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர். ஸ்பானிய முறையில் தகப்பன் பெயருக்குப் பின்னால் வந்த தாயின் பெயர், அமெரிக்கர் காலத்தில் நடுவுக்கு நகர்ந்தது. ஆங்கில நாடுகளில் நடுப்பெயர் என்பது இரண்டாவது அழைப்புப் பெயர். பாட்டியின் பெயரோ பிடித்த பெயரோ எதுவாகவும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. தாய் சாந்தோஸ் வீட்டுப் பெண், தகப்பன் ரேயெஸ். பிள்ளைக்கு ‘ஆனா லூயிசா’ என்று இரட்டைப் பெயர் வைத்தால் பிலிப்பைன்ஸில் அவள் ஆனா லூயிசா சாந்தோஸ் ரேயெஸ். ஆங்கிலப் படிவத்தில் ‘ஆனா’ மட்டும் முதற்பெயராக நின்று, ‘லூயிசா சாந்தோஸ்’ இரண்டும் நடுப்பெயர்க் கட்டத்தில் நெருக்கியடிக்கும். பல் மருத்துவர் முதல் வங்கி வரை எல்லோரும் அவளை ஆனா என்பார்கள். லூயிசா காணாமல் போய்விடுவாள். மாறாக, ஆங்கில முறையில் ‘ஆனா ரோஸ் ரேயெஸ்’ என்று வைத்தால் மணிலா அலுவலகத்தில் படிப்பவர் தாய் ‘ரோஸ்’ குடும்பத்துப் பெண் என்று எண்ணுவார். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லிப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் தவித்த தமிழர்களுக்கு இந்த வேதனை புரியும்.

எனக்குத் தெரிந்த நேர்த்தியான வழி இது: அழைப்புப் பெயர் ஒன்றே ஒன்று, நடுவில் தாயின் குடும்பப் பெயர், கடைசியில் தகப்பனுடையது. ‘ஆனா சாந்தோஸ் ரேயெஸ்’. தகப்பன் ஆங்கிலேயரானால் ‘லியோ சாந்தோஸ் கார்ட்டர்’. தாய் ஆங்கிலேயரானால் ‘மாயா கார்ட்டர் ரேயெஸ்’. இரு நாட்டுப் படிவமும் தன் தன் வழியில் படித்துக்கொள்ளும், தாய்வழியும் மறையாது.

நடுப்பெயரை அந்த நாட்டுச் சட்டம் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் வளரப்போகும் தங்கள் மகனுக்கு அங்கே நடுப்பெயர் வழக்கமில்லை, அதை நீக்கித் தாருங்கள் என்று ஒரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வசதி என்பது மட்டும் போதிய காரணமாகாது என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2005-இல் மறுத்துவிட்டது. அதே நீதிமன்றம் 2020-இல், முறைப்படி மணந்த பெற்றோரின் பிள்ளையும் விரும்பினால் தாயின் குடும்பப் பெயரையே தன் குடும்பப் பெயராகக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

பெயருக்கு முன்னால் மரியா வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முழுதாக எழுதுங்கள். பிலிப்பைன்ஸில் மரியாவை இரண்டு எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். அந்தச் சுருக்கம் சான்றிதழில் ஏறிவிட்டால் வெளிநாட்டில் ‘மா’ என்பதே முதற்பெயர் ஆகிவிடும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ‘மா!’ என்று கூப்பிட, தன்னைத்தான் என்று தெரியாமல் ஒரு பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மரியா எலேனா, மரியா கிளாரா என்று எல்லாச் சகோதரிகளுக்கும் மரியா வைத்த வீடுகளில், ஆங்கிலப் பள்ளியில் எல்லோருமே மரியா ஆகிவிடுகிறார்கள் என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்.

செல்லப் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளுமா, முன்பே தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பலாயாவ் எனப்படும் செல்லப் பெயர் இல்லாத பிலிப்பினோவைக் காண்பது கடினம். ஹோசே ரிசால் வீட்டில் பெப்பே. கோரசோன் அகினோவின் கணவர் பெனிஞோ அகினோ நாட்டுக்கே நினோய். 2022-இல் அதிபரான ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியரை எல்லோரும் போங்போங் என்கிறார்கள். விசயாஸ் தீவுகளின் பக்கம் பெண்பிள்ளையை இன்தாய் என்று அழைப்பார்கள். நம் வீட்டுப் ‘பாப்பா’வைப் போல.

செல்லப் பெயர் பிள்ளையோடு வளரும். ஹொனலூலுவில் பிலிப்பினோத் தாய்க்குப் பிறந்த பீட்டர் ஜீன் ஹெர்னாண்டஸ் என்ற குழந்தையை அவன் தகப்பனார் ஒரு மல்யுத்த வீரரின் பெயரால் ‘புரூனோ’ என்று விளையாட்டாக அழைத்தார். புரூனோ மார்ஸ் என்று உலகம் இன்று அறிவது அந்த விளையாட்டுப் பெயரைத்தான். முன்பே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவுப் பெயரோடு தொடர்புள்ளதாக இருந்தால் பள்ளியில் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

பெற்றோர் பெயர்களைச் சேர்த்துப் புதுப் பெயர் உண்டாக்குவது பற்றி?

சிலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். லூசோன், விசயாஸ், மின்டனாவோ என்ற மூன்று தீவுப் பகுதிகளையும் கோத்து ‘லூஸ்விமின்தா’ என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு நாட்டின் மீது எத்தனை பிரியம் இருந்திருக்க வேண்டும்! முன்னாள் துணை அதிபர் ஹெஹோமார் பினாயின் பெயர் இயேசு, சூசை, மரியாள் மூவரின் பெயர்த் துண்டுகளால் ஆனது. ‘லின்’ என்று முடியும் பெண் பெயர்கள் பலவற்றில் இப்படி யாரோ இருவர் சேர்ந்த கதை இருக்கும்.

ஆங்கிலச் சூழலுக்கு வரும்போது எழுத்தை எளிமையாக்குங்கள். தேவையற்ற இடத்தில் ‘எச்’ சேர்ப்பது, ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒய்’ போடுவது, இவை பிள்ளையின் ஆயுள் முழுக்க எழுத்துத் திருத்தும் வேலையைக் கொடுக்கும்.

தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிய ‘ஞ’ எழுத்து பெயரில் வரலாமா?

குடும்பப் பெயரில் இருந்தால் விட முடியாது. அழைப்புப் பெயரில் தவிர்க்கலாம். சில இடங்களில் பிறப்புச் சான்றிதழில் அந்தக் கோடு ஏறாது. ஒரு நாட்டு ஆவணத்தில் கோடும் இன்னொன்றில் கோடின்மையும் இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும்.

தகப்பன் பெயரையே வைத்து ஜூனியர் போடலாமா?

பிலிப்பைன்ஸில் மிகச் சாதாரணம். அந்தப் பிள்ளை வீட்டில் ஜுன் அல்லது ஜுன்ஜுன் ஆகிவிடுவான். இங்கிலாந்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லாத படிவங்கள் நிறைய. தந்தைக்கும் மகனுக்கும் மருந்துச்சீட்டு மாறிப்போக வாய்ப்புள்ள இடத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் நான் வேண்டாம் என்பேன்.

நாங்கள் மின்டனாவோ முஸ்லிம்கள். இவையெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

ஒலி பற்றிச் சொன்னவையும் நடுப்பெயர் பற்றிச் சொன்னவையும் பொருந்தும். ஆமினா, ஒமர், சாரா, ஆதம், மரியம் போன்றவை பிரிட்டனிலும் கனடாவிலும் நன்கு பழகியவை. உங்களுக்கு வேலை எளிது.

வைத்த பெயர் ஒத்துவராவிட்டால் மாற்ற முடியுமா?

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிந்த பிறகும் 12 மாதங்களுக்குள் அழைப்புப் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 30 நாட்களுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அங்கே 2001-இல் வந்த 9048-ஆம் சட்டத்தின்படி நீதிமன்றம் போகாமலேயே முதற்பெயரை ஒரு முறை மாற்றலாம். பெயர் கேலிக்குரியதாகவோ, எழுதவும் உச்சரிக்கவும் மிகக் கடினமாகவோ இருக்கிறது என்பது அதில் ஏற்கப்படும் காரணங்களுள் ஒன்று. நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும், கட்டணமும் உண்டு. குடும்பப் பெயரையும் நடுப்பெயரையும் மாற்றுவதென்றால், எழுத்துப் பிழை நீங்கலாக, நீதிமன்றம்தான்.

இரு நாட்டிலும் பதியப்போகிறீர்கள் என்றால், தூதரகத்துக்குப் போகும் முன் முதல் சான்றிதழின் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். அங்கே நடந்த பிழை எல்லா இடத்துக்கும் தொடரும்.

இரு குடும்பமும் விட்டுக்கொடுக்கவில்லை. என்ன செய்வது?

ஒவ்வொரு பக்கமும் மூன்று பெயர் எழுதட்டும். ஒரு பக்கத்தார் எழுதியதை மறுபக்கத்தார் ஒரு வாரம் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்க்கட்டும். சண்டை காகிதத்தில்தான் பெரிதாக இருக்கும். கூப்பிடத் தொடங்கினால் இரண்டு மூன்று பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

விவியென் என்று பெயர் வைக்க இருந்த தோழியின் வீட்டில் ஐந்தாவது வாரம்வரை முடிவாகவில்லை. பிறகு கணவரின் அத்தை, குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருந்த பெயர்களைப் படித்துக் காட்டினாராம். அதில் அவருடைய கொள்ளுப்பாட்டி நோரா. தோழி உடனே அம்மாவை அழைத்துத் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டாள். ஹொனொராத்தா. ஊரில் எல்லோரும் அவரை நோரா என்றுதான் அழைத்தார்களாம்.

பதிவு செய்த அன்று மாலை, இடைவேளையில், அந்த அழைப்பின் பதிவை எனக்குக் காட்டினாள். பத்தாங்காஸ் வீட்டில் அதே சேவல். அம்மா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, ‘நோரா, நோரா, நோரா’ என்று நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.